வேலிக்குப் போன ஓணான்

வேலியிலே போன ஓணானைப் பிடித்து மடியில் விட்டுக்கொண்டு, குத்துகிறதே குடைகிறதே என்று ஒருவன் அழுதானாம். தமிழர் நாவில் நெடுங்காலமாக வழங்கும் பழமொழி இது. வேண்டாத தொல்லையை வலிய வருவித்துக்கொள்பவனுக்கு இதனினும் பொருத்தமான உவமை கிடைப்பதரிது. ஆயினும் பழமொழி எள்ளி நகையாடும் இச்செயலை, இங்கிலாந்திலும் ஐக்கிய அமெரிக்காவிலும் பல்லாயிரவர் விரும்பியே செய்கின்றனர். நாயும் பூனையும் போல ஓணானும் அங்கே வீட்டுப் பிராணியாகிவிட்டது. அதற்குப் பெயர் இடுகின்றனர். மடியில் வைத்துத் தடவிக் கொடுக்கின்றனர். மடியிலிருந்த ஓணான் வேலிக்குப் போய்விட்டதே என்பதுதான் அவர்கள் படும் துயரம்.

இவ்வாறு வளர்க்கப்படுவனவற்றுள் மிகுந்த செல்வாக்குப் பெற்றது, ஆஸ்திரேலியாவின் உள்நாட்டு வறண்ட பிரதேசங்களைத் தாயகமாகக் கொண்ட ஓர் இனமாகும். ஆங்கிலத்தில் அதனைப் 'பியேடட் டிறாகன்' என்பர். தமிழில் தாடி ஓணான் எனலாம். அச்சமோ சினமோ உண்டாகும்போது தாடையின் கீழுள்ள முட்செதில்களை விரித்துக் கறுப்பாக்கிக்கொள்வதால் அதற்கு அப்பெயர் வந்தது. மூக்கு நுனி முதல் வால் நுனி வரை ஏறத்தாழ ஒன்றரை அடி நீளம் வளரும். நன்கு பேணினால் பத்தாண்டளவும் வாழும். ஆறு வயதுச் சிறுமிக்குப் பிறந்தநாட் பரிசாக வாங்கிய ஓணான், அவள் உயர்வகுப்பு மாணவியாகும் வரையில் உடன் வாழ்தல் கூடும். ஆஸ்திரேலியா தன் நாட்டுப் பிராணிகளை வணிகத்திற்காக வெளியே அனுப்புவதைப் பல்லாண்டுகளாகவே தடைசெய்துள்ளது. ஆகவே, இன்று ஐரோப்பிய இல்லங்களிற் காணப்படும் தாடி ஓணான்கள் தலைமுறை தலைமுறையாகக் கண்ணாடிப் பெட்டிகளிலே பிறந்து வளர்ந்தவை. திறந்த வெளி என்பது அவற்றுக்குத் தெரியாத நாடு.

இலண்டனின் புறநகர் வீடொன்றையும், யூலை மாதத்துப் பகற்பொழுதொன்றையும் மனக்கண்முன் கொண்டு வருவோர்க்கு இத்துயரம் நிகழும் விதம் எளிதிற் புலனாகும். வெயில் நன்றாக எறிக்கிறது. எலும்பு உறுதிபெறுவதற்குச் சூரிய ஒளியிலுள்ள புறஊதாக் கதிர் ஓணானுக்கு இன்றியமையாதது என்பதை அவ்வீட்டார் அறிவர். எனவே அதனைத் தோளில் ஏற்றிப் பின்வளவுக்குக் கொண்டு வருகின்றனர். வீட்டினுள் அது சாதுவான பிராணி. தோளில் வைத்தால் அரைமணி நேரமும் அசையாதிருக்கும். புற்றரையில் விட்டபோதும் முதலில் அப்படியே இருக்கின்றது. ஐந்து நிமிடம், பத்து நிமிடம் கழிகின்றன. தேநீர்க் கோப்பையை எடுக்க ஒருவர் திரும்புகிறார். மறுபடி பார்க்கையில் புல் மட்டுமே இருக்கின்றது.

இத்தனை நாளும் நம்மை நம்பியிருந்த பிராணி ஓடிப்போய்விட்டதே என்று அவ்வீட்டார் மனம் நோவர். அந்த நோவுக்கு ஆதாரமில்லை. நடந்தது நன்றிகேடு அன்று, வெப்பத்தின் வேலை. மனிதன் உண்ணும் உணவின் பெரும்பகுதி, அவன் உடலைச் சூடாக வைத்திருப்பதிலேயே செலவாகின்றது. பல்லி, ஓணான், அரணை முதலியவற்றுக்கு அத்தகைய உள் அடுப்பு இல்லை. சூட்டை அவை வெயிலிடமும் வெயிலிற் காய்ந்த கல்லிடமும் கடன் வாங்குகின்றன. இவற்றைக் குளிரிரத்தப் பிராணிகள் என்று கூறும் வழக்கம் உண்டெனினும், அச்சொல் சரியான பொருளைத் தருவதன்று. வெயிலிற் காய்ந்துகொண்டிருக்கும் தாடி ஓணானின் உடல் ஏறத்தாழ 35 பாகை செல்சியஸ் வெப்பத்தை அடையும்; அது மனிதனின் உடல் வெப்பத்துக்கு மிகக் கிட்டியதாகும். விளக்கின் கீழிருந்து எடுத்து, 20 பாகையளவான இங்கிலாந்து வீட்டறையிற் சிறிது நேரம் வைத்திருந்த ஓணான் சாதுவாக இருந்ததற்குக் காரணம் அதன் உடல் ஆறிவிட்டமையே. வெயிலிற் பத்து நிமிடம் இருந்தபின் அதன் தசைகள் முழு வலிமை பெறுகின்றன. தோளில் இருந்ததும் புல்லில் ஓடியதும் ஒரே பிராணிதான். ஆனால் அவற்றின் வேகம் ஒன்றன்று. வேலிக்குப் போன ஓணான்களுட் பலவும் இவ்வுண்மையை அறியாதார் கையிலிருந்தே போயின.

வெப்பமே அதனை ஓடச் செய்ததாயின், அதனைக் கண்டுபிடிப்பதற்கும் வெப்பமே வழிகாட்டவேண்டும். தேடும் கலை முழுவதும் இதனுள் அடங்கும்.

ஓணானைக் காணாத முதற்கணத்தில் வீட்டார் அனைவரும் தோட்டத்துக்குள் ஓடிப் புதரைக் கலைத்துக் கூச்சலிடுவது இயல்பு. அதனினும் பெரிய தவறு வேறில்லை. அச்சமுற்ற ஓணான் நெடுந்தூரம் ஓடுவதில்லை. அருகிலுள்ள மறைவை நோக்கிப் பாய்ந்து, அங்கே கல்லைப்போல் அசைவற்றிருக்கும். அசைவின்மையே அதன் கவசம். தேடுவோரின் காலடி அதிர்ச்சி அதனை ஒரு மறைவிலிருந்து அடுத்த மறைவுக்குத் துரத்துமேயன்றி வெளிப்படுத்தாது. ஆதலால், கடைசியாகக் கண்ட இடத்தில் ஓர் அடையாளத்தை நாட்டிவிட்டு, எல்லோரும் பின்வாங்கி நிற்றல் வேண்டும். நாயையும் பூனையையும் வீட்டினுள் அடைத்தல் வேண்டும். பின்னர் ஒருவர் மட்டும் அவ்வடையாளத்திலிருந்து வெளிநோக்கி, ஒவ்வோர் அடியாக, தரையையும் செடியின் அடியையும் வேலியின் உச்சியையும் ஆராய்ந்து செல்லலாம். அப்போது நிறத்தைத் தேடிப் பயனில்லை. தாடி ஓணானின் மணல் நிறம் காய்ந்த புல்லோடும் பழைய மரப்பலகையோடும் ஒன்றிப்போகும். குளிர்ந்த வேளையில் வெயிலை நன்கு ஈர்ப்பதற்காக அது தன் நிறத்தைக் கருமையாக்கிக்கொள்வதும் உண்டு. தேடத்தக்கது வடிவமே. செடிகளுக்கிடையில் இயற்கைக்கு மாறான நேர்கோடாக ஒரு வால் தெரியும். அல்லது வேலிக்கட்டையின் தலையில் இல்லாதிருந்த ஒரு புடைப்புத் தெரியும்.

மேலே பார்க்க மறத்தல் பலர் செய்யும் பிழையாகும். தாயகத்தில் இந்த ஓணான் விழுந்த மரங்களிலும் வேலிக்கட்டைகளிலும் ஏறியிருந்து உலகைப் பார்க்கும் பழக்கமுடையது. யாழ்ப்பாணத்துக் கிடுகு வேலியிலோ பூவரசிலோ தலையை ஆட்டிக்கொண்டிருக்கும் ஓணானைக் கண்டோர்க்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை. கண்ணாடிப் பெட்டியிலே பிறந்ததெனினும், ஏறும் குணத்தை அது பெட்டிக்கு வெளியே விட்டுவிட்டு வருவதில்லை.

பெயர் சொல்லி அழைத்தலும் உணவை வைத்துக் காத்திருத்தலும் பெரும்பாலும் வீண். நாய்க்குப் போல, வீட்டை நாடித் திரும்பும் நாட்டம் ஓணானிடம் எதிர்பார்க்கத் தக்கதன்று. அது அறிந்த வீடு கண்ணாடிப் பெட்டியின் உட்புறம் மட்டுமே. பசியும் அதனை விரைவில் வெளியே இழுக்காது. உள் அடுப்பு இல்லாத உடலுக்கு விறகும் குறைவாகவே வேண்டும். அதே நிறையுள்ள பாலூட்டி ஒன்று உண்பதில் மிகச் சிறு பங்கே ஓணானுக்குப் போதும். நல்ல தேகநிலையிலுள்ள வளர்ந்த தாடி ஓணான் வாரக்கணக்கில் உணவின்றி உயிர்தரிக்க வல்லது. தேடுவோர்க்கு இது ஓர் ஆறுதல். மூன்றாம் நாள் நம்பிக்கையைக் கைவிடுவோர் அவசரப்படுகின்றனர்.

ஆனால் குளிர் பொறுக்காது. யூலை மாதத்தில் இலண்டனில் பகல் வெப்பம் சராசரியாக 23, 24 பாகை வரை ஏறினும், இரவில் ஏறத்தாழ 14 பாகைக்கு இறங்கிவிடும். அக்குளிரில் ஓணான் விறைத்து, நடக்கவும் சோம்பும். அடுத்தடுத்து மழையும் மந்தாரமும் வந்தால், வயிற்றிலுள்ள உணவையே செரிக்க இயலாது போகும். நெடுநாட் குளிரும் ஈரமும் சுவாச நோயைக் கொண்டுவரும். யூலையில் தொலைந்த ஓணானைச் செப்டெம்பர் வரை தேட நேரம் உண்டு. ஒக்டோபரில் தொலைந்ததற்கு ஒரு சில நாட்களே உண்டு.

அடுத்த நாட் காலைதான் தேடுவோனுக்குக் கிடைக்கும் மிகச் சிறந்த வேளை. இரவு முழுவதும் ஆறிக் கிடந்த ஓணான் முதற்செய்யும் காரியம் வெயில் தேடுவதாகும். அது வெயிலை அடைந்துவிட்டது, ஆனால் இன்னும் சூடேறவில்லை என்னும் அந்த இடைப்பொழுதில் வெளிப்படையாகவும் இருக்கும், ஓடவும் மாட்டாது. வெயில் எவ்விடத்தில் முதலில் விழும் என்பதை அறிந்தவன் ஓணான் எங்கே வரும் என்பதையும் பெரும்பாலும் அறிந்தவனாவான். இங்கே இலங்கையர் ஒன்றை நினைவிற் கொள்ளல் வேண்டும். நடுக்கோட்டுக்கு அண்மையிலுள்ள நம் நாட்டில் நண்பகற் சூரியன் ஏறக்குறைய உச்சந்தலைக்கு மேல் நிற்கும். வீட்டின் எல்லாப் பக்கமும் ஏதோவொரு காலத்தில் வெயில் காணும். இலண்டனில் அப்படியன்று. அங்கே சூரியன் ஆண்டு முழுவதும் தென்வானிலேயே நண்பகலைக் கழிக்கின்றது. வடக்கு நோக்கிய சுவரின் அடியில் நாளின் பெரும்பகுதியும் நிழலே. ஆகவே காலையிற் கிழக்கு நோக்கிய சுவரும் படிகளும், நண்பகலில் தெற்கு நோக்கிய பாத்தியும் கற்களும், மாலையில் மேற்கு நோக்கிய செங்கற்சுவரும் ஒன்றன்பின் ஒன்றாகப் பார்க்கப்பட வேண்டியவை. செங்கல் வெயில் மறைந்த பின்பும் சூட்டை வைத்திருப்பதால், மாலையில் அதன் அடி ஓணானுக்குப் படுக்கையாகும். கோடையின் நண்பகற் கடும் வெயிலில் மட்டும் அது நிழலுக்குள் ஒதுங்கிவிடும். அப்பொழுது தேடுவோனும் சற்று இளைப்பாறலாம்.

இலண்டனில் யூன் நடுவில் அதிகாலை 5 மணிக்கு முன்பே சூரியன் உதித்துவிடும். ஆனால் ஓணானைத் தேடுவதற்கு அந்நேரத்திலேயே எழ வேண்டியதில்லை. கதிர் சரிவாக வரும் அவ்வேளையிற் கல்லும் மண்ணும் இன்னும் சூடாகியிரா. கையை வைத்துப் பார்க்கையில் கல் இளஞ்சூடாக உணரப்படும் நேரமே ஓணானின் விடியல்.

இரவிலும் ஒரு வாய்ப்பு உண்டு. நம் கிராமங்களில் இரவு வேளை டோர்ச் விளக்கோடு தோட்டத்திற் சென்றோர், பகலிற் கண்ணிற் படாத ஓணான் மெல்லிய கிளையின் நுனியில் வெளிறிய நிறத்தோடு உறங்குவதைக் கண்டிருப்பர். நுனிக்கிளையில் உறங்கினால், பாம்பு ஏறுகையில் கிளை அசைந்து அறிவித்துவிடும். பச்சோந்தியும் அவ்வாறே உறங்கும். காட்டிற் பச்சோந்திகளை எண்ணச் செல்லும் விஞ்ஞானிகள் பகலை விட்டு இரவையே தேர்ந்துகொள்வது இதனாலேயே. தொலைந்தது பச்சோந்தியாயின், இரவுத் தேடலே முதன்மையானது. தாடி ஓணானோ கிளையிலும் உறங்கும், கட்டையின் அடியிலும் நுழையும். எனினும் குளிர்ந்த இரவில் கண்டால் அது ஓடாது என்பது பெரிய ஆதாயம். ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான் முதலிய நாடுகளின் வறண்ட நிலத்துக்குரிய சிறுத்தைப் பல்லியையும் மேனாட்டார் பெரிதும் வளர்க்கின்றனர். அது இருள் கவிந்த பின்னரே இரை தேடப் புறப்படும். பகலெல்லாம் தேடி அதனைக் காணவில்லை என்பார், உறங்குபவன் வீட்டுக் கதவைத் தட்டாமலே திரும்பியவராவர்.

இங்கிலாந்துத் தோட்டங்களிற் பெரும்பாலும் ஒரு மூலையிற் கூட்டெருக் குவியல் ஒன்று இருக்கும். வெட்டிய புல்லும் சருகும் உக்கும்போது தாமே வெப்பத்தை வெளிவிடும். மழைநாளிலும் அதன் உட்புறம் வெதுவெதுப்பாக இருக்கும். அந்நாட்டுக்குரிய நஞ்சற்ற பாம்பொன்று இத்தகைய குவியல்களிலே முட்டையிடுகின்றது. காலில்லாப் பல்லியொன்றும் அவற்றை நாடி வரும். தொலைந்த ஓணானும் அங்கே நுழைதல் கூடும். ஆதலின் முட்கரண்டியால் குத்திக் கிளறுவது கொடுமையில் முடியலாம். கையாலே, மேலிருந்து ஒவ்வொரு படையாக நீக்கிப் பார்த்தல் வேண்டும்.

வெப்பமுள்ள இடத்தைத் தேடிச் செல்வதன்றி, அத்தகைய இடத்தை உண்டாக்கி ஓணானை வரவழைக்கவும் இயலும். பிரித்தானியாவில் ஊர்வனவற்றைக் கணக்கெடுப்போர் நெளிதகரத் துண்டுகளையோ, கூரைக்கு இடும் கரிய தார்த்தாளையோ வெயில் படும் புற்றரையில் விரித்துவிட்டுச் செல்வர். கரிய பொருள் சூரிய வெப்பத்தை விரைவில் ஈர்க்கும். மேலே காய்வதற்கும் கீழே ஒளிப்பதற்கும் அதனிலும் வசதியான இடம் பல்லிக்கு இல்லை. சில மணி நேரத்தின் பின் வந்து ஓசையின்றி நோக்கினால் குடியிருப்போர் தெரியவரும். ஓணானைத் தொலைத்தவர் இவ்வழக்கத்தைக் கடன் வாங்குவதற்கு எவ்விதத் தடையுமில்லை. வேலியோரத்தில் நாலைந்து துண்டுகள் போதும். காலையும் பின்னேரமும் பார்த்தாற் போதுமானது. மணிக்கொரு தடவை தூக்கிப் பார்ப்பவர் தாமே அதனைக் கெடுத்துக்கொள்கிறார்.

பசியினும் குளிரினும் விரைந்து உயிர் கொள்ளும் அபாயங்களும் உள. அயல்வீட்டுப் பூனை, காக்கையினப் பறவைகள், இலண்டன் நகருக்குள்ளேயே திரியும் நரி, வெயிலிற் காய்ந்த தார்வீதியின் சூட்டை நாடிச் செல்லும் ஓணானின் மேல் ஏறும் கார் ஆகியவை அவற்றுட் சில. எல்லாவற்றிலும் இரங்கத்தக்கது புல்வெட்டும் இயந்திரத்தின் அலகு. ஆபத்தைக் கண்டால் அசையாதிருக்கும் பிராணிக்கு அந்த இயந்திரத்தினின்று தப்ப வழியில்லை. ஓணான் அகப்படும் வரையில் புல் வெட்டாதிருக்கும்படி அயலவரைக் கேட்டுக்கொள்வது முதலாவது கடமையாகும்.

அயலவரை நாடுதல் வேறொரு வகையிலும் இன்றியமையாதது. வேலியின் அப்பக்கத்தில் ஒன்றரை அடி நீளமும் முட்செதிலும் கறுத்த தாடியும் உடைய ஒரு பிராணி வாயைத் திறந்துகொண்டு நின்றால், அறியாதவர் கையில் மண்வெட்டி ஏறுவது வியப்பன்று. அது வாயைத் திறப்பது மிகுந்த சூட்டைத் தணிப்பதற்காகவும் இருக்கலாம். பிராணியின் படமும், மனிதருக்கு அதன் கடியால் நஞ்சேறாது என்ற குறிப்பும், கண்டால் துரத்தாமல் தகவல் தருக என்ற வேண்டுகோளும் கொண்ட துண்டுக் கடதாசியை வீடுதோறும் கொடுத்தல் நன்று. பிரித்தானியாவில் இயற்கையாக வாழும் ஊர்வன இனங்கள் ஆறே. பல்லியினம் மூன்று, பாம்பினம் மூன்று. ஆகவே இத்தகைய பிராணியைக் காண்பவர், அது எவர் வீட்டிலிருந்தோ தப்பியது என்று ஐயமின்றிக் கொள்ளலாம். அண்மையிலுள்ள மிருகவைத்தியருக்கும், 1824ஆம் ஆண்டிலே தொடங்கப்பட்ட பிராணிவதைத் தடுப்புச் சங்கத்துக்கும் அறிவித்து வைத்தால், கண்டெடுத்தவர் கொண்டு போகும் இடமும் தொலைத்தவர் விசாரிக்கும் இடமும் ஒன்றாகிவிடும்.

தேடாமல் விட்டுவிடுவது ஒருவர் தம் சொந்த நட்டமாகக் கருதிப் பொறுத்துக்கொள்ளும் காரியமும் அன்று. பிரித்தானியாவின் 1981ஆம் ஆண்டு வனவிலங்கு, நாட்டுப்புறச் சட்டம், அந்நாட்டுக்குரியதல்லாத பிராணியை வெளியே விடுவதை மட்டுமன்றி, தப்பிச் செல்ல இடமளிப்பதையும் குற்றமாக்கியுள்ளது. குளிர் மிகுந்த இங்கிலாந்தில் ஆஸ்திரேலிய ஓணான் பெருகிவிடப் போவதில்லை. தப்பியதன் விலையை அதுவே உயிராகச் செலுத்தும். வெப்பமான நாட்டிற் கதை தலைகீழாகும். அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில், வளர்ப்புப் பிராணியாகக் கொண்டுவரப்பட்ட பச்சை இகுவானா என்னும் பெரும்பல்லி 1960களில் மயாமியை அண்டிய பகுதிகளில் வெளியிற் காணப்படலாயிற்று. இன்று அது தென்புளோரிடா எங்கும் பெருகி, கால்வாய்க் கரைகளிலே வளை தோண்டி அவற்றைச் சரியச் செய்கின்றது. அங்கும் குளிர் வந்தால் நிலைமை விசித்திரமானது. 2020ஆம் ஆண்டு சனவரியில், மரங்களிலிருந்து இகுவானாக்கள் விழக்கூடும் என்று மயாமி வானிலை நிலையம் பொதுமக்களுக்கு அறிவித்தல் கொடுக்க நேர்ந்தது. விழுந்தவற்றுட் பல இறந்தவை அல்ல, விறைத்தவை. வெயில் ஏறியதும் எழுந்து நடந்தன. இறந்ததென்று காருக்குள் ஏற்றிச் சென்றவர் பாடு எவ்வாறிருக்கும் என்பதை நேயர்களின் கற்பனைக்கு விட்டுவிடலாம்.

இலண்டன் தோட்டத்தில் விறைத்த நிலையிற் கண்ட தாடி ஓணானுக்கும் இது பொருந்தும். அசையவில்லை என்பதனால் மாத்திரம் அதனை இறந்ததென்று தீர்மானித்தல் ஆகாது.

கண்டபின் பிடிப்பது எவ்வாறு? மேலிருந்து கையை இறக்குதல் கூடாது. மேலிருந்து வருவது பருந்து என்பதே ஓணானின் மரபறிவு. பக்கவாட்டில், தரையோடு தாழ்ந்து, மெதுவாக நெருங்கி, வயிற்றின் கீழ் விரல்களைச் செலுத்தி ஏந்துதல் வேண்டும். வாலைப் பற்றி இழுத்தல் எவ்வகையிலும் தகாது. வீட்டுப் பல்லி வாலைக் கழற்றிவிட்டு ஓடும். பின்னர் அது வளரும். தாடி ஓணானுக்கு முறிந்த வால் மறுபடி வளராது. எட்டாத கிளையில் இருந்தால், கிளையின் கீழே துணியை விரித்துப் பிடித்துக்கொண்டு மற்றொருவர் ஏணியில் ஏறலாம். நம் கிராமத்துச் சிறுவர் தென்னை ஈர்க்கின் நுனியிற் சுருக்கிட்டு ஓணான் பிடிப்பர். அந்தச் சுருக்கைத்தான் நீண்ட கோலிற் கட்டிக்கொண்டு உலகெங்கும் பல்லியின ஆராய்ச்சியாளர்கள் காடுகளிற் செல்கின்றனர். ஆயினும் பழக்கமில்லாத கையில் அது கழுத்தை நெரிக்கும் கருவியே.

அகப்பட்ட ஓணானை உடனே வெந்நீரிலோ அடுப்பருகிலோ வைப்பது தவறு. துணியிற் சுற்றி, அறையின் வெப்பத்துக்குப் பழகவிட்டு, பின்னர் அதன் பெட்டியிலுள்ள விளக்கைப் போடல் வேண்டும். இளஞ்சூடான நீரைச் சொட்டுச் சொட்டாக வாயோரத்தில் விட்டால் நக்கிக் குடிக்கும். மடிப்புகளிலும் காதோரத்திலும் உண்ணி உண்டா, பூனையின் பற்காயம் உண்டா என்று பார்த்தல் அவசியம். பூனைக்கடி சிறிதாயினும் மிருகவைத்தியரிடம் காட்டத் தக்கது. வாய்ச்சளியோ மூச்சிரைப்போ காணப்படினும் அவ்வாறே. பசித்திருக்குமே என்று அன்றே தீனி திணிப்பது அன்புடையார் செய்யும் பிழை. உடல் சூடேறாத வயிற்றில் உணவு செரியாது கிடந்து கெடும். விளக்கின் கீழ் அது முழுப்பகல் ஒன்று காய்ந்து, நிறம் வெளுத்து, தலையை உயர்த்திப் பார்க்கத் தொடங்கிய பின்னரே முதலிற் கீரையும், பிறகு பூச்சியும் கொடுக்கலாம்.